இரண்டாம் குரல்

டெஸ்மண்ட் தனி ஆள். ஆஸ்திரேலியாவின் வடகோடியில், வெயில் காயும் டார்வினில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் மைக்கை வைத்துக்கொண்டு, பப்பாளியில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது, கத்தரிக்கு எப்போது உரம் வைப்பது என்று மணிக்கணக்காகப் பேசிப் பதிவுசெய்கிறவர். அவருக்கு விருந்தாளி கிடையாது, மனைவி கிடையாது, நாய்கூடச் செத்துப்போய்விட்டது. அப்படியிருக்க, அவர் பேச்சைக் கேட்டு மெஷின் எழுதித் தந்த பக்கத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. ‘இரண்டாம் குரல்: குளிருது.’

டார்வினில் என்ன குளிர் வேண்டியிருக்கிறது? ரோண்டா அந்த வரியை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

அவள் பிழைப்பு அதுதான். ஊர் உலகத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்கப் பொறுமையில்லை, ஆனால் அதில் இருக்கும் விஷயம் மட்டும் வேண்டும். டாஸ்மேனியாவின் மேற்கு மூலையில், வருடம் பூராவும் மழை கொட்டும் குவீன்ஸ்டவுனில் உட்கார்ந்துகொண்டு ரோண்டா அந்தப் பேச்சுகளை இரண்டு பக்கக் குறிப்புகளாக்கித் தருவாள். முதலில் மெஷின் எல்லாவற்றையும் எழுதிவிடும். பிறகு அவள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, மௌனம் வரும் இடங்களைத் தானாகத் தாண்டும்படி வைத்து, தவறுகளைத் திருத்துவாள். மெஷினுக்கு மௌனம் ஆகாது. பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் அது தன் பாட்டுக்கு எதையாவது கற்பனை செய்து எழுதிவைக்கும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இது அத்துப்படி. மௌனத்தில் வந்த வரியை யாரும் திரும்பக் கேட்டுச் சரிபார்ப்பதில்லை. பார்த்தவுடன் அழித்துவிடுவார்கள்.

நான்கரை மணிக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஜூன் மாதத்துக் குளிர்கால இருட்டு மொட்டை மலைகளிலிருந்து இறங்கி ஜன்னலுக்கு வெளியே நின்றது. அறையில் ஈரக் கம்பளியின் வாடையும், காலையில் தீய்ந்த ரொட்டியின் வாடையும், அவற்றுக்கு அடியில் அவள் புருஷன் மெர்வ் மார்பில் தடவும் தைலத்தின் காரமும் கலந்து கிடந்தன. அவனுக்கு நுரையீரல் போய்விட்டது. அவன் சுரங்கத்தைத் திட்டுவான், டாக்டர் சிகரெட்டைத் திட்டுவார். இப்போது பக்கத்து அறையில் ஆக்சிஜனோடு படுத்திருக்கிறான்.

வழக்கமாக அவள் ஒரு காதில்தான் ஹெட்போனை வைப்பாள். மற்ற காது மெர்வுக்கு. இன்று இரண்டையும் மூடியிருந்தாள். தகரக் கூரையில் மழைச் சத்தம் தாங்க முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. ஒரே ஒரு மத்தியானம் அந்த இருமலைக் கேட்காமல் இருக்கவேண்டும் என்றிருந்தது. அவ்வளவு அலுத்துப்போயிருந்தாள்.

‘இரண்டாம் குரல்: ஜன்னல் திறந்திருக்கு.’

அழித்தாள்.

‘இரண்டாம் குரல்: தண்ணி.’

அதையும் அழித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு எவ்வளவு சோப்பு என்று சரிபார்த்தாள். டெஸ்மண்டின் குரல் இரட்டை வேகத்தில் கீச்சுக்கீச்சென்று ஓடியது. பக்கத்தை உருட்டினாள். அடுத்த வரியில் கை நின்றது.

‘இரண்டாம் குரல்: கிழவி, காதுல இருக்கறத கழட்டு.’

அவளைக் கிழவி என்று கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். கல்யாணமான வாரமே ஆரம்பித்துவிட்டான், அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

கிர்ரலீக்குப் போன் செய்தாள். மெல்போர்னில் இருந்துகொண்டு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெண் அவள்.

“டெஸ்மண்ட் ஃபைல்ல யாராச்சும் கை வச்சீங்களா? வேற குரல் ஒண்ணு எழுதியிருக்கு.”

“மெஷின் கதை விடுது ரோண்டா. உங்களுக்குத் தெரியாததா? தூக்கிக் கடாசுங்க.”

“என்னைத்தான் கூப்பிடற மாதிரி இருக்கு.”

“அது போன வாரமே வந்த ஃபைல். உங்களுக்குத்தான் போகும்னு அப்ப எனக்கே தெரியாது.” கிர்ரலீ குரலைத் தாழ்த்தினாள். “நீங்க ராத்திரி தூங்கறீங்களா இல்லையா? மெர்வ் எப்படி இருக்கார்?”

“இருக்கான்,” என்று சொல்லிவிட்டு ரோண்டா போனை வைத்தாள்.

பிறகு, இந்தத் தொழிலில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். வேகத்தைக் குறைத்தாள். மௌனத்தைத் தாண்டும் வசதியை நிறுத்தினாள். அந்த இடத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

டெஸ்மண்ட் நிதானமாக மண்புழுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார், ஏதோ குடித்தார், டம்ளரை வைத்தார், கொட்டகைக்கு வெளியே பூச்சிகள் ரீங்காரமிட்டன. பிறகு பூச்சிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, அந்த இடத்தில் வேறொரு இரைச்சல் மெல்லத் தலையெடுத்தது. தகரத்தில் விழும் மழை. டார்வினில் ஜூனில் மழை பெய்யாது. மழைக்கு அடியில் ஒரு மோட்டாரின் உறுமல், நடுநடுவே அதன் ‘டக்’கென்ற சத்தம். ஆக்சிஜன் மெஷின். அதற்கும் அடியில் மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு. முப்பது வருடமாக அவள் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

“தண்ணி குடு, கிழவி.”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். மழை. உறுமல். டக். எதுவும் மாறவில்லை. ஹெட்போனுக்குள் இருந்ததும் வீட்டில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன.

மூச்சு மட்டும் இல்லை.

எழுந்து போனாள். நடையில் விளக்கைப் போடவில்லை, கைக்கு ஸ்விட்ச் அகப்படவில்லை. மெர்வின் அறையிலிருந்து குளிர் காலில் ஏறியது. ஜன்னல் திறந்திருந்தது. திரை நனைந்து சுவரில் ஒட்டியிருந்தது. தண்ணீர் டம்ளர் கட்டிலடியில் கவிழ்ந்து கிடந்தது. மத்தியானம் வைத்த சூப்பில் ஏடு படிந்திருந்தது.

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“மெர்வ். என்னய்யா, கூப்பிட்டியா?”

தோளைத் தொட்டாள். சட்டைக்குள்ளிருந்து வந்த குளிர் அவள் உள்ளங்கையில் ஏறியது. சமையலறையில் ஓடும் மெஷினிலிருந்து நடை நெடுக வரும் பிளாஸ்டிக் குழாய், அவன் மூக்கில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கூப்பிட்டிருக்கிறான். குளிருது என்றிருக்கிறான். தண்ணீர் கேட்டிருக்கிறான். ஒவ்வொன்றாக அழித்திருக்கிறாள். போன வாரத்து ஃபைலில் அது எப்படி வந்தது என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. கேட்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

அப்போது பின்னாலிருந்து, அவள் வேலை செய்யும் அறையிலிருந்து, மிகச் சின்னதாக ஒரு குரல் வந்தது. மேசைமேல் கிடந்த ஹெட்போன் பேசிக்கொண்டிருந்தது.

ஓடினாள். நாற்காலியில் விழுந்தாள். இரண்டு காதிலும் மாட்டினாள்.

“கிழவி.”

“மெர்வ்.” இப்போதுதான் அழுகை வந்தது. “எங்கய்யா இருக்க?”

“தெரியல. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நீ டைப் அடிக்கற சத்தம் மட்டும் கேக்குது. எத்தனை தடவ கூப்பிட்டேன், தெரியுமா?”

“மன்னிச்சிருய்யா. நான்தான்...”

“அத விடு.” மூச்சு இழுத்தது. நின்றது. “என் கட்டில்ல எதோ படுத்திருக்கு. பாத்தியா?”

ரோண்டா நடைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“சுவத்தப் பாத்துப் படுத்திருக்கும். என்னை வெளிய தள்ளிட்டுப் படுத்துக்கிச்சு. அது கிட்டப் போனியா?”

“போனேன்.”

“தொட்டியா?”

ரோண்டா தன் வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் இன்னும் சூடு திரும்பவில்லை.

“தொட்டேன்.”

மழை. மோட்டார்.

“தூங்கிட்டிருந்துச்சு, கிழவி,” என்றான் மெர்வ். “எழுப்பிட்ட.”

ஹெட்போனைக் கழற்றினால் அவன் போய்விடுவான். கழற்றாவிட்டால் வீட்டுக்குள் நடப்பது எதுவும் கேட்காது. கைகள் காதுவரை போய் நின்றன. கழற்றவில்லை. இன்னொரு முறை அவனைக் கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

கதவு திறந்திருந்தது. நடையில் இருட்டு. தரையில் அந்தக் குழாய், சமையலறையிலிருந்து அவள் வாசலைத் தாண்டி மெர்வின் அறைக்குள், இழுத்துக் கட்டிய துணிக்கொடியாக நேராகக் கிடந்தது.

அது தளர்ந்தது.

மெல்ல வளைந்தது. மூக்கில் மாட்டியிருப்பவர் இந்தப் பக்கம் நடந்து வந்தால்தான் குழாய் அப்படித் தளரும். ஒரு வளையம். அதன்மேல் இன்னொன்று. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், வளையம் வளையமாக, அவள் வாசற்படியில் அது குவிந்துகொண்டே இருந்தது.