பத்தாவது கவர்

விசாரணைக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு நர்ஸின் பதிவு ரத்தாகிவிடும். பல் கிளினிக் வாசலில் 'மூடப்பட்டுள்ளது' அட்டை தொங்கி மூன்று நாளாகிறது. ஆனாலும் டாக்டரின் தங்கை வழக்கம்போல வரவேற்பு மேசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது அவளுக்கு. தொட்டால் தெரிந்தது, வலிதான் தெரியவில்லை.

சுகாதார அதிகாரிக்கு அவளேதான் போன் செய்திருந்தாள். அவர் மிதியடியில் செருப்பை நிதானமாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். பின்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பயிற்சி அதிகாரி துடைக்காமலே வந்தான்.

"வரமாட்டீங்கன்னு நினைச்சேன் சார்."

"கூப்பிட்டா வரணுமே. சொல்லுங்கம்மா."

"நர்ஸக்கா பதினோரு வருஷமா இங்க இருக்காங்க. மொத்தப் பழியையும் தூக்கி அவங்க தலையில போட்டா எப்படி சார்?"

பல் பிடுங்கும் கருவிகளை ஒவ்வொரு முறையும் கழுவி, காகிதக் கவரில் போட்டு, தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, நீராவி மெஷினில் வைப்பார்கள். கவரைப் பிரிக்கும்போது அந்த ஸ்டிக்கர் நோயாளியின் அட்டைக்குப் போகும். தினமும் மெஷினுக்குள் ஒரு சோதனைப் பட்டையும் வைக்க வேண்டும். போதிய சூடு பட்டால் அது கறுக்கும். அதை நோட்டில் ஒட்டி வைப்பார்கள். மெஷின் பழசு, தானாக எதையும் பதிவு செய்யாது. நோட்டுதான் சாட்சி.

"சார், நான் காட்டட்டுமா?" பயிற்சி அதிகாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோட்டிலிருந்து பிரித்தெடுத்த ஐந்து பட்டைகளை மேசையில் வரிசையாக வைத்தான். திங்கள் முதல் வெள்ளி வரை. ஒவ்வொன்றிலும் அர்த்தமில்லாத பழுப்புக் கீற்றுகள். பட்டைகளை நெருக்கி வைத்ததும் எல்லாம் சேர்ந்து ஒரு முழு வட்டமாயின.

"ஒரு சொட்டுத் தண்ணி அஞ்சு பட்டை மேலயும் விழுந்து காஞ்சிருக்கு. அஞ்சு நாள் பட்டையும் ஒரே தட்டுல, ஒரே தடவைல வெந்தது!"

மூலை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்திருந்த நர்ஸ் தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான் சார் செஞ்சேன். அம்மாவுக்கு ஆபரேஷன், அந்த வாரம் முழுக்க லீவு. சனிக்கிழமை வந்து பார்த்தா நோட்டுல அஞ்சு நாளும் காலி. டாக்டர் மெஷினை ஓட்டியிருப்பார், பட்டை வைக்க மறந்திருப்பார்னு நினைச்சேன். ஆய்வு வர்ற நேரம். அவர் மானம் போயிடக் கூடாதேன்னு..."

"அவர் மானம் இருக்கு, உங்க வேலைதான் போகுது" என்றான் பயிற்சி அதிகாரி. அதிகாரி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

உள்ளறையிலிருந்து டாக்டர் வந்தார். வலிக்காத டாக்டர் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர்.

"எழுத்துலயே கொடுத்துட்டேனே சார். தினமும் மெஷினை ஓட்டினேன். ஆவி கசியாம அடைக்கிற கதவு ரப்பர் கிழிஞ்சது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலைல சர்வீஸுக்கு வந்த மெக்கானிக்தான் பார்த்து மாத்தினார். ரப்பரைக் கவனிக்கிறது நர்ஸ் பொறுப்பு. சூடு ஏறாமலே ஓடியிருந்தா நான் என்ன பண்றது?"

அதிகாரி தங்கையிடம் திரும்பினார். "அந்த வாரத்து அட்டையெல்லாம் எடுங்கம்மா."

நாற்பத்தொரு அட்டைகள். சீட்டுப் போடுகிறவர்போல நாள்வாரியாகப் பரப்பினார். திங்கட்கிழமையின் ஒன்பது அட்டைகளின் ஸ்டிக்கர்களிலும் நர்ஸின் உருண்டைக் கையெழுத்து, நீல மை, முந்தைய சனிக்கிழமைத் தேதி. செவ்வாய்க்கிழமை அட்டைகளில் டாக்டரின் சாய்ந்த எழுத்து.

"லீவுல போகும்போது எத்தனை கவர் தயாரா வச்சீங்க?"

"பத்து சார். திங்கட்கிழமைக்குப் பத்து பேர் இருந்தாங்க. ஒருத்தர் வரல போல."

"எதை முதல்ல எடுப்பீங்க?"

"பழைய தேதியைத்தான். அதைத்தான் முன்னால வைப்போம். டாக்டர் பழக்கினதுதான்."

"அப்போ பத்தாவது கவர் செவ்வாய்க்கிழமை முதல் ஆளுக்குப் போயிருக்கணும்."

பயிற்சி அதிகாரி புரட்டினான். "எட்டு அட்டையிலயும் இல்ல சார்." புதன்கிழமைக்குத் தாவினான். ஒன்று, இரண்டு, ஆறு வரை இல்லை; ஏழாவதில் விரல் நின்றது. "இதோ! நீல மை, சனிக்கிழமை. ஒன்பது வயசுப் பொண்ணு, பால் பல் பிடுங்கினது. யார் இது?"

தங்கை அட்டையைப் பார்க்கவில்லை. அந்த ஸ்டிக்கரை ஒட்டியதே அவள்தான். அண்ணன் விரல் நுனியில் ஒட்டி நீட்டியதை வாங்கி, தேதியைப் பார்க்காமல், பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தபடியே ஒட்டியிருந்தாள்.

"என் பொண்ணு" என்றாள். பக்கத்து அறையில் வேறு யாரோ சொன்னதுபோலக் கேட்டது.

"கைக்குக் கிடைச்சதை எடுத்திருப்பேன் சார்" என்றார் டாக்டர்.

"பதினாலு பேருக்குக் கைக்குக் கிடைக்காத கவர், பதினஞ்சாவதா வந்த உங்க மருமகளுக்குக் கிடைச்சிருக்கு. தனியா எடுத்து வச்சாத்தான் அது அதுவரைக்கும் தங்கும். மத்த கவரெல்லாம் நல்லா இருந்தா, இதை மட்டும் ஏன் சார் ஒளிச்சு வைக்கணும்?"

அதிகாரி குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். "புது மெஷின் வாங்கணும், நோட்டுல ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும், அதெல்லாம் எழுதிட்டேன். ஆனா செவ்வாய்லேருந்து வெள்ளி வரைக்கும் முப்பத்தொரு பேர். சூடு குறைவா ஓடினது வேற, ஓடவே இல்லைங்கிறது வேற. அவங்களுக்கு எந்த ரத்தப் பரிசோதனைன்னு நான் இன்னிக்கே சொல்லணும்."

"விடுங்க சார், என் பேர்லயே எழுதிக்குங்க" என்றாள் நர்ஸ்.

"நீங்க சும்மா இருங்கக்கா." தங்கை அட்டைகளைத் தட்டிச் சீராக அடுக்கினாள். ஒவ்வொருவரிடமும் 'உட்காருங்க, இப்போ கூப்பிடுவார்' என்று சொன்னது அவள்தான். மகளின் அட்டையை மட்டும் தனியே வைத்துவிட்டு, தொலைபேசியை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, இவங்களுக்கெல்லாம் நான்தான் போன் பண்ணணும். என்னன்னு சொல்லட்டும்?"

டாக்டர் நோயாளிகளின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமை சாயங்காலமே ரப்பர் கிழிஞ்சிடுச்சு. சனிக்கிழமைக்கு முன்னால வர முடியாதுன்னுட்டான் மெக்கானிக். செவ்வாய்லேருந்து நான் மெஷினைப் போடவே இல்ல. மருந்துத் தண்ணில முக்கித் துடைச்சு, கவர்ல போட்டு, தேதி எழுதி ஒட்டினேன். தெரிஞ்சுதான் செஞ்சேன்."