ஒரு வாய் வான்கோழி

செழியன் பிறந்த நேரம் சரியில்லை. ஜாதகத்தைச் சொல்லவில்லை. அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதாம். சிவகாசிப் பக்கம் பிறந்துவிட்டு, அதுவும் ஆவணி மாதத்தில் பிறந்தால், பிறந்தநாளை யார் கொண்டாடுவது?

ஆவணி என்றால் பட்டாசுக்கு உச்ச சீசன். ஊரே ஓடிக்கொண்டிருக்கும். அம்மா சண்முகத்தாய் காலை ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி வேனில் ஏறி வெம்பக்கோட்டைப் பக்கம் போய்விடுவாள். அப்பா ஊர்க்காவலன் லோடு லாரியோடு வடக்கே எங்கேயாவது போய்க்கொண்டிருப்பார்.

"தீபாவளி முடியட்டும்லே, ஜாம் ஜாம்னு வச்சிருவோம்" என்று அம்மா ஒவ்வொரு வருடமும் சொல்வாள். சொன்னபடியே வைப்பாள்தான். ஆனால் அதற்குள் அந்த வயதில் கால்வாசி தீர்ந்துபோயிருக்கும்.

இந்த வருடம் செழியனுக்கு எட்டு வயது. அக்கா வேல்விழி ஆறாம் வகுப்பு. அவள் தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஏலே, இந்தத் தடவை பிறந்தநாள் அன்னைக்கே பிறந்தநாள். நான் பொறுப்பு."

"சத்தியமா?"

"சத்தியமா."

செழியன் அதோடு விட்டானா? அம்மாவின் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து வைத்திருந்தான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் விருந்துக்காகக் குட்டிக் குட்டி சாண்ட்விச் செய்கிறார். ஒரே வாயில் போட்டுக்கொள்ளலாம். உள்ளே வான்கோழிக் கறி, பேக்கன். ஆவி பறக்கிறது.

"எனக்கு இதான் வேணும். சூடா வேணும்" என்றான்.

"பேக்கன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. ஆனா வேணும்."

உப்புப் போட்டுப் பதப்படுத்திய பன்றிக் கறி என்று வேல்விழி விசாரித்துச் சொன்னாள். "அதை இங்கன எந்தக் கடையில போய்த் தேட?" என்று அம்மா கையை விரித்தாள். வேல்விழி விடவில்லை.

"அம்மா, உப்புப் போட்டுக் காய வச்ச கறிதானே? நம்ம வீட்ல உப்புக்கண்டம் இருக்கே!"

அம்மா ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காய வைத்து எடுத்த உப்புக்கண்டம். எண்ணெயில் போட்டால் மொறுமொறு என்று பொரிந்து வரும். செழியனும் ஒத்துக்கொண்டான்.

வான்கோழிக்குக் கவலையே இல்லை. மல்லாங்கிணற்றில் பெத்தணன் பெரியப்பா வான்கோழி வளர்க்கிறார். பிறந்தநாளுக்கு முதல் நாளே கறியைச் சுத்தம் செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். "ரொம்பத் திமிர் பிடிச்ச கோழி. நல்லா வேக வையி" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பிறந்தநாள் அன்று விடியும் முன்பே எழுந்து, அம்மா வான்கோழியை மிளகு போட்டுச் சுக்கா வறுத்தாள். அதை ஆற வைத்துக் குட்டி பிரிட்ஜுக்குள் வைத்தாள்.

"கம்பெனியில அரை மணி முன்னால விடச் சொல்லிக் கேட்டிருக்கேன். நான் வந்து குளிச்சிட்டுச் சூடு பண்ணித் தாரேன். நீ அடுப்பத் தொடக் கூடாது, ஆமா!" என்று வேல்விழியிடம் சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினாள்.

பள்ளி விட்டு வந்ததும் வேல்விழி வேலையை ஆரம்பித்தாள். ரொட்டித் துண்டுகளை ஒரு சின்ன டப்பா மூடியால் அழுத்தி வட்ட வட்டமாக வெட்டினாள். வெட்டி மிஞ்சிய ஓரங்களைச் செழியன் ஒன்றுவிடாமல் தின்றான். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்தாள்.

பிறகு வீட்டைப் பார்த்தாள். தரையெல்லாம் மண். பிறந்தநாள் வீடு இப்படியா இருக்கும்?

கொல்லையில் இருந்த ட்ரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினாள். முன்வாசல், நடுவீடு, பின்வாசல் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினாள். வாசலில் கோலம் போட்டாள். வீடு கண்ணாடி மாதிரி ஆனது. ட்ரம்மும் காலியானது.

அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீருக்கு அவர்கள் தெருவின் முறை அன்றைக்குத்தான். சாயங்காலம் நாலரைக்கு வந்துவிடும்.

ஐந்து மணி ஆனது. வேல்விழி குழாயைத் திறந்தாள். 'புஸ்ஸ்' என்று காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை.

"மோட்டார் ரிப்பேராம். இன்னைக்கு வர்றது சந்தேகந்தான்" என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

வேல்விழி காலி ட்ரம்மைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ட்ரம் எதற்கு இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சிறிது நேரத்தில் அம்மா வந்துவிட்டாள். எப்போதும் போலச் சந்து வழியாக நேரே கொல்லைக்குப் போனாள். காலி ட்ரம்மைப் பார்த்தாள்.

"ஏ விழி! தண்ணி எங்க?"

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். "வீடு கழுவிட்டேன்மா. குழாய்ல வரும்னு நினைச்சேன்."

"அடிப்பாவி மகளே! அது நான் குளிக்கிற தண்ணின்னு தெரியாதா உனக்கு? இப்ப நான் எப்படி அடுப்புக்கிட்ட போவேன்?"

அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம்தான். பட்டாசு வேலை முடித்து வருகிறவர்கள் தலைமுழுகி, சேலை மாற்றாமல் அடுப்படிப் பக்கம் போக மாட்டார்கள். கம்பெனியில் கைகால் கழுவித்தான் வேனில் ஏற்றுவார்கள். ஆனால் பட்டாசு மருந்துத் தூள் லேசில் விடாது. தலைமுடியில் இருக்கும், சேலை மடிப்பில் இருக்கும். ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அம்மாவின் முழங்கை இரண்டும் அப்போதும் வெள்ளி வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தன.

"வீட்டுக்குள்ள ஒரு குடம் தண்ணி இருக்கேம்மா" என்றாள் வேல்விழி மெதுவாக.

"அது குடிக்கிற தண்ணி. வர்ற பிள்ளைக விக்கினா என்னத்தக் குடுப்ப? ஒரு குடத்துல தலைமுழுகவும் முடியாது."

"அப்ப நானே அடுப்பைப் பத்த வைக்கவா?"

"நான் பக்கத்துல நிக்காம நீ பத்த வைக்கக் கூடாது. நான் பக்கத்துல வரவும் கூடாது. போ!" அம்மாவுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "ஒரு நாளு அவனுக்கு ஆசையா செய்வோம்னு இருந்தேன்."

பக்கத்து வீடுகளில் தண்ணீர் கேட்கலாம். ஆனால் அவர்கள் ட்ரம்மில் இருப்பதும் அவர்கள் குளிக்க வைத்திருக்கும் தண்ணீர்தான். அதைக் கேட்டால் அவர்கள் வீட்டு அடுப்பு எரியாது. வேல்விழிக்குக் கேட்க மனம் வரவில்லை.

வாசலில் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். செழியன் நான்கு பேரைத்தான் கூப்பிட்டேன் என்றான். பத்துப் பேருக்குமேல் நின்றார்கள்.

"எங்கலே சூடான சாண்ட்விச்?" என்று கேட்டான் ஸ்ரீராம்குமார்.

செழியன் பிரிட்ஜைத் திறந்து, வான்கோழியை ரொட்டியில் வைத்து, பிரீத்திகா கையில் கொடுத்தான். அவள் கடித்துப் பார்த்தாள். பல் கூசியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள், நாகரிகமாக. "குல்ஃபி மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். செழியன் சிரிக்கவில்லை. அக்காவின் அருகில் வந்து நின்றான்.

"பரவால்லக்கா. தீபாவளி முடிஞ்சு வச்சுக்கிடுவோம். எனக்குத்தான் பழக்கமாச்சே."

அவன் அழுதிருந்தால்கூட வேல்விழி தாங்கியிருப்பாள். 'பழக்கமாச்சே' என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இல்லை, இன்றைக்குத்தான் பிறந்தநாள். இன்றைக்கேதான்!

நம் வீட்டு அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டு அடுப்பும் இப்போது எரியாது. யாராவது ஏற்கெனவே அடுப்பு மூட்டியிருப்பார்களா?

தெருமுனையிலிருந்து ஒரு வாசனை வந்தது.

"அம்மா!" வேல்விழி கொல்லைக்கு ஓடினாள். "ஜெயபாண்டி மாமா புரோட்டாக் கடையில கல்லு காய ஆரம்பிச்சிருக்கும். கொண்டுபோய்க் கேக்கட்டுமா?"

அம்மா யோசித்தாள். "அவரு புரோட்டாக் கல்லுல வேற எதையும் போட விட மாட்டாரே."

"கேட்டுப் பாக்கேன்மா."

"சரி, போ. கல்லுக்குக் கிட்ட ஒருத்தரும் போகக் கூடாது. நான் எதிர்ப்பக்கம் வந்து நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

வேல்விழி வான்கோழிச் சட்டியை எடுத்துக்கொண்டாள். செழியன் உப்புக்கண்டத்தை எடுத்துக்கொண்டான். பிரீத்திகா ரொட்டித் தட்டைத் தூக்கினாள். மற்றவர்கள் ஊர்வலமாகப் பின்னால் போனார்கள்.

ஜெயபாண்டி மாஸ்டர் மாவை அடித்துக்கொண்டிருந்தார். விருதுநகர் எண்ணெய் புரோட்டா போடுகிறவர். அவருடைய அகலமான கல்லின் நடுப்பள்ளத்தில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை பிள்ளைகளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"என்னலே, ஸ்கூல இங்கன மாத்திட்டாகளா?"

வேல்விழி விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"வான்கோழியா? என் கல்லுல புரோட்டாவத் தவிர எதுவும் ஏறுனதே இல்ல. அதுவுமில்லாம இப்ப வேன் வந்திரும், கூட்டம் வந்திரும். இலை தொடைக்கக்கூட ஆளில்லாம நானே தவிச்சுக்கிட்டு இருக்கேன். உங்கம்மா சூடு பண்ணித் தர மாட்டாளாக்கும்?"

"அம்மா குளிக்கல மாமா. தண்ணி இல்ல. நான்தான் அம்புட்டுத் தண்ணியையும் வீடு கழுவித் தீர்த்துட்டேன். அம்மா மேல தப்பே இல்ல."

மாஸ்டரின் கை நின்றது. நிமிர்ந்து ரோட்டின் எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே விளக்குக் கம்பத்தடியில் சண்முகத்தாய் முழங்கையில் வெள்ளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவருடைய மனைவி யோகேஸ்வரிக்கும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. தினமும் அவள்தான் வந்து குளித்துவிட்டு இலை துடைப்பாள். இன்றைக்கு அவளுக்கு ஓவர்டைம்; எல்லோரோடும் இந்த வேனில்தான் வருவாள்.

"மாமா, இலையெல்லாம் நாங்க தொடைச்சுத் தாரோம். பத்துப் பேருக்கு மேல இருக்கோம்" என்றாள் வேல்விழி.

மாஸ்டர் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்தார்.

"கொண்டா அந்தச் சட்டிய! எல்லாரும் தள்ளி பெஞ்சுல உக்காரு. கல்லுப் பக்கம் எவன் தலையாவது தெரிஞ்சா அதையும் சேர்த்துப் பொரிச்சிருவேன்."

பெஞ்சில் பிறந்தநாள் விருந்து தொடங்கியது. ஆளுக்கு ஒரு ஈரத் துணி, ஆளுக்கு ஒரு கட்டு இலை. இலை துடைப்பதில்கூட ஸ்ரீராம்குமார் போட்டி வைத்தான், அவனே தோற்றான்.

கல்லில் வான்கோழி 'ஸ்ஸ்ஸ்' என்றது. உப்புக்கண்டம் எண்ணெயில் விழுந்து படபடவென்று பொரிந்தது. மாஸ்டர் ரொட்டி வட்டங்களைக் கல்லில் பரப்பி, 'டக் டக் டக்' என்று திருப்பிப் போட்டார். பொன் நிறத்தில் முறுகியதும் ஒவ்வொன்றாக எடுத்து வேல்விழியின் தட்டில் தள்ளினார். அவள் கறியையும் உப்புக்கண்டத்தையும் வெங்காயத்தையும் வைத்து மூடிக்கொண்டே வந்தாள். எல்லாவற்றிலும் ஆவி பறந்தது.

மாஸ்டர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடினார்.

"ஏலே, நாளைலேருந்து இதையும் போர்டுல எழுதிரலாம் போல இருக்கே!"

"முதல் சாண்ட்விச் பிறந்தநாள்காரனுக்கு!" என்று பிரீத்திகா கத்தினாள்.

செழியன் அதை வாங்கினான். ஆனால் வாயில் போடவில்லை. ஊதிக்கொண்டே ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் அம்மாவிடம் போனான்.

"எனக்கு வேணாம்லே. கையெல்லாம் மருந்து. கையால வாங்கக் கூடாது" என்றாள் அம்மா.

"கை எதுக்கு? ஒரு வாய்தானே! குனிம்மா."

அம்மா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். செழியன் அவள் வாயில் சாண்ட்விச்சை வைத்தான். சூடு தாங்காமல் 'ஊஃப் ஊஃப்' என்று ஊதிக்கொண்டே மென்றாள். அவள் கண் கலங்கியது. உறைப்பு என்று சொல்லிக்கொண்டாள். அவ்வளவு மிளகை அவள்தானே போட்டாள்!

அதற்குள் கம்பெனி வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். எல்லோர் கையிலும் அதே வெள்ளி. பெஞ்சில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அல்லவா!

வேல்விழி ஒரு நிமிடம் அவர்களைப் பார்த்தாள். கடையை விட்டுத் தள்ளியே நின்றார்கள்.

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுங்க. உங்கம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடுங்க. வண்டி பாத்துப் போங்க!" என்று தட்டை நீட்டினாள்.

மாஸ்டர் கரண்டியை நீட்டிக் காட்டினார். "அந்தா, நீலச் சேலை கட்டி நிக்கிறாளே, உங்க அத்தை. அவளுக்கும் ஒண்ணு. நான் குடுத்தேன்னு சொல்லு, என்ன?"

ரோட்டோரம் வரிசையாக அம்மாக்கள் நின்றார்கள். எல்லோர் கையும் பின்னால். எல்லோர் வாயும் திறந்திருந்தது. குருவிக் கூட்டைப் பார்ப்பது போல இருந்தது.

"எம்புட்டு ருசி!" என்றாள் யோகேஸ்வரி. "என்ன விசேஷம்?"

"எனக்குப் பிறந்தநாள்!" என்றான் செழியன். "இன்னைக்கேதான்!"

பிறகுதான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். தட்டு காலியாகும் நேரத்தில் தெருவுக்குள்ளிருந்து "தண்ணி வந்திருச்சு!" என்று குரல் கேட்டது. அம்மாக்கள் எல்லோரும் ஓட்டம் பிடித்தார்கள்.

சண்முகத்தாய் இரண்டடி ஓடிவிட்டுத் திரும்பினாள். "ஏ விழி! முதல்ல ட்ரம்ம நிரப்பு. அதுல ஒரு சொட்டுத் தொட்ட, அம்புட்டுத்தான்!" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வேல்விழி காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு தம்பியோடு நடந்தாள்.

"அக்கா."

"என்னலே?"

செழியன் விரலை நக்கிக்கொண்டே சொன்னான்.

"அடுத்த வருஷமும் நான் சீசன்லயேதான் பொறப்பேன்."