பின்பக்கம் தாழ்ந்த ஜீப்

"மேடம், நீங்க இன்சூரன்ஸ் சர்வேயராமே? ஒரு திருட்டுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றபடி பொறியாளர் ஈரச் செருப்போடு அறைக்குள் வந்தார்.

முன்னால் மண் சரிந்து, பின்னால் வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போய், மலைப்பாதையின் நடுவே அந்த விடுதியில் எல்லாரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சர்வேயர் அம்மா போர்வையை விலக்கி உட்கார்ந்தார். நசுங்கிய வண்டியைப் பார்த்தே சொந்தக்காரர் சொல்வது மெய்யா பொய்யா என்று சொல்வது அவர் தொழில். அவருடைய கணவர் வங்கியில் ஓய்வு பெற்றவர். விசாரணை தொடங்குமுன்பே குற்றவாளியைப் பிடித்துவிடுவது அவர் வழக்கம்.

"யாரு, விடுதிக்காரன்தானே? சிரிக்கவே மாட்டேங்கறான்" என்றார் கணவர்.

"இல்ல சார், என் டிரைவர்" என்று பொறியாளர் கதையைச் சொன்னார். மலையுச்சி ஒயர்லெஸ் நிலையத்துக்குப் புது பேட்டரிகள் கொண்டுபோகிற ஜீப் அவருடையது. விடுதியின் ஒயர்லெஸ் பேட்டரி செத்துவிட்டதால், உதவி கேட்கலாமென்று ஒரு பெட்டியைத் திறந்தார்கள். பெட்டியின் முத்திரையை உடைக்கக்கூடாது, விதி இருக்கிறது என்று கூட வந்த கிடங்குக்காரர் எவ்வளவோ தடுத்தார். உள்ளே தெர்மோகோல். எல்லாப் பெட்டியிலும் அதுதான்.

"வழியில டீக்கடையில நானும் கிடங்குக்காரரும் சாப்பிடப் போனோம். டிரைவர் மட்டும் வண்டிகிட்ட இருந்தான். அதுவரைக்கும் பின்பக்கம் தொங்கிக்கிட்டே வந்த வண்டி, அதுக்கப்புறம் தூக்கித் தூக்கிப் போட்டுது. என் தலையே வீங்கிப்போச்சு, பாருங்க. லோடு அங்கதான் இறங்கியிருக்கு."

"வாஸ்தவம்!" என்று கணவர் துள்ளினார். "டீக்கடைக்கு முன்னாடி, அந்தப் பெரிய ஏத்தத்துல, நம்ம காரை முந்திட்டுப் போச்சே அதே ஜீப்! அடி வாங்கின நாய் மாதிரி வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு! டிரைவரேதான்!"

"கொஞ்சம் பொறுங்க" என்றார் அம்மா.

டிரைவரைச் சாமான் அறையில் அடைத்திருந்தார்கள். அதற்கு ஜன்னல் கிடையாது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, மூச்சு முட்டுது. ரோடு திறந்ததும் போலீஸ்ல குடுப்பாங்களாம். அங்க இருக்கறதும் இதே மாதிரி ரூம்தானே? எனக்குத் தாங்காதும்மா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா. டீக்கடையில என்ன செஞ்சே?"

"காத்து அடிச்சேன். பின் ஸ்பிரிங்குக்குள்ள ரெண்டு ரப்பர் பை இருக்கும்மா. ஸ்பிரிங் பழசு. பைல காத்து இருந்தாத்தான் லோடோட வண்டி சமமா நிக்கும். நேத்து சாயங்காலமே அடிச்சு வெச்சு, வண்டிய கிடங்குல விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். காலையில வந்தா லோடு ஏத்தித் தார்பாயும் கட்டியாச்சு, ஆனா பின்பக்கம் தொங்குது. மழை, கிடங்குக்காரரு வேற அவசரப்படுத்தினாரு. டீக்கடையில அளந்து பார்த்தா ரெண்டு பைலயும் சுத்தமா காத்து இல்ல."

"ஏத்தத்துல வண்டி லேசாப் போகலையா?"

"போச்சு. போன வாரம் என்ஜின் வேலை பார்த்தோம்ல, அதான்னு நினைச்சேன். காத்து அடிச்சதும் குதிச்சுது. அதிகமாயிடுச்சு போல, இங்க வந்து இறக்கலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள என்னைப் பூட்டிட்டாங்க."

கொட்டுகிற மழையில் கணவர் குடை பிடிக்க, அம்மா ஜீப்பின் பின்னால் குனிந்தார். வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வால்வுகள். டிரைவரின் அளவுமானியை இரண்டிலும் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் காற்று கொஞ்சமும் குறையவில்லை. முதுகெல்லாம் நனைந்த கணவர், "காத்துக்கும் களவுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று முனகினார்.

சாப்பாட்டு அறையில் பொறியாளரையும் கிடங்குக்காரரையும் உட்காரவைத்து அம்மா பேசினார்.

"பையில ஓட்டை இருந்தா இப்பவும் காத்து போயிருக்கணும். ரெண்டுமே நல்லா நிக்குது. அப்போ நேத்து ராத்திரிக்கும் இன்னைக்குக் காலைக்கும் நடுவுல யாரோ கையால காத்தை இறக்கியிருக்காங்க."

"டிரைவரே இறக்கியிருப்பான்" என்றார் கிடங்குக்காரர்.

"எதுக்கு? நிஜமா லோடு இருக்கற வண்டிக்கு யாரும் காத்தை இறக்க வேண்டாம். காலி வண்டிய, கனமா இருக்கற மாதிரி காட்டணும்னு நினைக்கறவருக்குத்தான் அந்த வேலை. இன்னொண்ணு. அந்த ஏத்தத்துல எங்க காலிக் கார் மூச்சு வாங்குது, அத்தனை பேட்டரி ஏத்தின ஜீப் பறக்குது. டீக்கடைக்கு முன்னாடியே அதுல லோடு இல்ல. தொங்கினது கனத்தால இல்ல, காத்து இல்லாத பழைய ஸ்பிரிங்கால."

பொறியாளர் மெல்லத் திரும்பினார். "என்னை வீட்டு வாசல்லதான் ஏத்திக்கிட்டாங்க. ராத்திரி கிடங்குச் சாவி..."

"இவர்கிட்டதான்" என்றார் அம்மா. "வெத்துப் பெட்டிய ஏத்தினார். நேத்து அடிச்ச காத்துல வண்டி வாலைத் தூக்கிக்கிட்டே நின்னுது. டிரைவர் பார்த்ததும் கண்டுபிடிச்சுடுவான்னு பயந்து காத்தைப் பிடுங்கிவிட்டார். கொஞ்சமா இறக்கியிருந்தா வண்டி சமமா நின்னிருக்கும், டிரைவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. லோடுன்னா வண்டி தொங்கணும்னு இவரா நினைச்சு, மொத்தத்தையும் இறக்கிட்டார்."

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு! எனக்கு அப்பவே தெரியும்!" என்றார் கணவர். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார்.

"பேட்டரி எல்லாம் கிடங்குலயே, பின்கட்டுல இருக்கு. இன்னும் விக்கல" என்றார் கிடங்குக்காரர். பிறகு, யாரையும் பார்க்காமல், "ரோடு எப்போ திறக்கும்?" என்று கேட்டார்.

"ஒரு பேட்டரி இருந்திருந்தாக்கூட ஒயர்லெஸ்ல கேட்டிருக்கலாம்யா" என்று பொறியாளர் கத்தினார்.

சாமான் அறைப் பூட்டை அவரேதான் திறந்தார். "தப்பா நினைச்சுட்டேம்பா, மன்னிச்சுக்கோ" என்றார். டிரைவர் காதிலேயே வாங்கவில்லை. அவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, நடு முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்து நின்றான். மழை அவன் மேல் கொட்டியது.

சர்வேயரின் கணவர் குடையோடு ஓடினார். "சளி பிடிக்கும், உள்ள வாப்பா!"

"நீங்க போங்க சார்" என்றான் அவன், வாயைத் திறந்து மூச்சு இழுத்தபடி. "நான் வெளியவே இருக்கேன்."