உடைத்துக் கொடுத்த கத்தி

வேட்டைக் குடிசைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. அதற்குள் வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. நவம்பரில் எங்கள் பக்கத்துச் சூரியன் அப்படித்தான். என்னைப் போலவே, எழும்போதே களைத்திருக்கும்.

மைத்துனன் ஸ்பிரிதோன் பனிவண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கினான். நான் அடுப்பை மூட்டி, காட்டின் தலைவன் பயனாய்க்கு ஒரு துண்டு கொழுப்பை நெருப்பில் போட்டேன். பிறகு புதுக் கத்தியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.

புதிது என்றால், எனக்குப் புதிது.

என் பழைய கத்தி போன வசந்தத்தில் ஆற்றுப் பனிப்பிளவில் விழுந்துவிட்டது. இலையுதிர்காலத்தில் வேறு வாங்கப் போனபோது கொல்லன் யெகோர் ஏழு கத்திகளை மேசையில் பரப்பினான். ஏழும் வலக்கைக்காரர்களுக்கானவை. எங்கள் கத்தியில் ஒரு முகம் புடைத்திருக்கும், மறுமுகத்தில் பள்ளம் ஓடும். இடக்கைக்காரனுக்கு அது மாறி இருக்க வேண்டும். நான் இடக்கைக்காரன்.

"உன்னை மாதிரி ஆளுக்குன்னு யாருப்பா அடிச்சு வைப்பா?" என்றான் யெகோர். கொஞ்சம் யோசித்து, இழுப்பறையைத் திறந்தான். "இரு, ஒண்ணு கெடக்கு. ஆத்து மணல்திட்டுல கண்டெடுத்தேன்னு ஒரு மீன்காரன் கொண்டாந்தான். பிடியும் இல்ல, நுனியும் இல்ல. நான்தான் நுனியை அரைச்சு எடுத்து, பூர்ச்சமரத்துல பிடி போட்டேன். இந்த மாதிரி இரும்பு இப்ப எங்க கெடைக்குது?"

அலகை நகத்தில் வைத்தேன். வழுக்காமல் நின்றது. விரலால் சுண்டினேன். நெடுநேரம் முனகியது. பிடியைப் பற்றியபோது, ஏற்கெனவே பழகிய கையைப் பிடித்தது போலிருந்தது. அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே ஒரு பனிமான் கிடைத்தது. உரித்து, கறியைக் குடிசையின் வெளித்தாழ்வாரத்தில் தொங்கவிட்டோம். வேலை முடிந்ததும் கத்தியின் இரத்தத்தைத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, குதிரைக் கொழுப்பு தடவித்தான் உறையில் போட்டேன். ஈரத்தோடு உறையில் போட்டால் அந்த இரும்பு ஒரே நாளில் துருவேறிவிடும்.

காலையில் பார்த்தால் நுனியில் மட்டும் துரு. தேய்த்து எடுத்தேன், தீட்டினேன், மறுபடி கொழுப்புத் தடவினேன். மறுநாளும் அதே இடத்தில் துரு. மறுபடியும் தீட்டினேன். தோள்பட்டை விண்விண் என்று வலித்தது.

அன்றுதான் ஸ்பிரிதோன் தாழ்வாரத்திலிருந்து கத்தினான்.

"என்ன அத்தான், இடுப்புல கத்தியை வச்சிக்கிட்டு நாய் மாதிரி கடிச்சுத் தின்னிருக்கீங்க?"

"நான் எங்கடா தின்னேன்?"

"அப்ப நானா? எனக்குக் கடைவாய்ப் பல்லு வலி. பொறுங்க, உங்களுக்கு வீட்டுல சோறு போடுறாளா இல்லையான்னு அக்காவையே கேக்குறேன்."

போய்ப் பார்த்தேன். தொடைக்கறியில் ஒரு பக்கம் கடித்துப் பிய்க்கப்பட்டிருந்தது. ஓநாயின் கடி இல்லை, கரடியின் கடியும் இல்லை. சிறிய, வட்டமான கடிகள்.

கறியோ கல்லாக உறைந்து கிடந்தது. மனிதப் பல் அதில் இறங்காது.

அடுத்த நாள் நண்பகலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தாழ்வாரத்தில் ஒரு சத்தம். மொட்டை இரும்பால் எலும்பைச் சுரண்டுவது போல.

கரக். கரக்.

நின்றது. யாரோ அலுத்துப்போய் மூச்சு விட்டார்கள்.

பிறகு பல் பதியும் சத்தம்.

கதவைத் திறந்தோம். யாரும் இல்லை. பனியில் தடமும் இல்லை. ஆற்றுச் சேற்றின் வாடை மட்டும் அடித்தது. மைனஸ் நாற்பது டிகிரி உறைகுளிரில் சேறு ஏது?

ஸ்பிரிதோன் விளக்கைக் கறியருகே கொண்டுபோனான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"அத்தான்... மேல்வரிசையில ஒரு பல்லு இல்ல."

கடித்த ஒவ்வொரு இடத்திலும், நடுவில், ஒரு பல் அகலத்துக்குக் கறி மீந்திருந்தது.

என் அண்ணன் காவ்ரிலுக்குக் குதிரை உதைத்து விழுந்தது அந்தப் பல்தான். அவனும் இடக்கைக்காரன். மூன்று வருடங்களுக்கு முன் அவனைப் புதைத்தபோது அவன் கத்தியையும் கூட வைத்தோம். கல்லில் அடித்து அதன் நுனியை உடைத்தவன் நான். இங்கே உடைத்துக் கொடுத்தால்தான் அங்கே, செத்தவர்கள் இருக்கும் இடத்துக்கு, முழுதாகப் போய்ச் சேரும். இங்கே முழுதாக இருப்பது அங்கே உடைந்து கிடக்கும். இந்தக் கோடையில் உறைமண் இளகிக் கரை சரிந்து, கல்லறைத் தோட்டத்தில் பாதியை ஆறு கொண்டுபோனது. அண்ணனின் பெட்டியை நாங்கள் ஒரு வாரம் தேடினோம். கிடைக்கவில்லை.

மணல்திட்டில் கிடைத்தது அவன் கத்திதான். நான் இங்கே தீட்டத் தீட்ட, அங்கே அவன் கையில் கத்தி மொட்டையாகிக்கொண்டிருந்தது. என் அண்ணனை நான் பட்டினி போட்டிருக்கிறேன்.

"உடைக்கப் போறேன்," என்றேன்.

"இன்னும் ரெண்டு மானாவது வேணும் அத்தான். என் கத்தி ஒண்ணை வச்சுக்கிட்டு, இந்தக் குளிர்ல உரிச்சு முடிக்கிறதுக்குள்ள..."

"விரல் மரத்தாலும் பரவாயில்ல. பசியில நிக்கிறது என் அண்ணன்டா."

கல்லை ஸ்பிரிதோனே தேடி எடுத்து வந்தான்.

ஒரே அடி. நுனி தெறித்தது. இரண்டு துண்டுகளையும் ஆற்றுப் பனியில் துளையிட்டு உள்ளே விட்டேன்.

"தெரியாம செஞ்சுட்டேன் அண்ணே. வாங்கிக்கோ."

மறுநாள் கறியில் கடி இல்லை. ஒரு துண்டு மட்டும் குறைந்திருந்தது. மெல்லியதாக, இடப்பக்கம் சாய்த்து, பிசிறில்லாமல் வெட்டி எடுத்த துண்டு. ஸ்பிரிதோன் சிலுவை போட்டுக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. அது முடிந்ததும் தூக்கம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஊர் திரும்பியதும் யெகோரிடம் புது இரும்பில் ஒரு கத்தி அடிக்கச் சொன்னேன். மூன்று நாளும் பக்கத்திலேயே நின்றேன். இதற்கு முன் யாருக்கும் சொந்தமாக இல்லாத கத்தி. துடைத்து, கொழுப்புத் தடவி, வாசற்படிக்கு மேல் ஆணியில் மாட்டினேன்.

போன வாரம் உறைந்த மீனைச் சீவ அதை எடுத்தேன். உறையிலிருந்து சேற்று வாடை வந்தது.

நுனி இல்லை.

உறையைக் கவிழ்த்துத் தட்டினேன். எதுவும் விழவில்லை. உடைந்த இடம் புதிதாக மின்னியது.

"என்ன, கத்தியையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மீன் இளகுது," என்றாள் என் மனைவி மாத்ரியோனா.

இருந்ததை வைத்துச் சீவினேன். நன்றாகத்தான் வெட்டியது.

யெகோரிடம் கொடுத்தால் அரை மணியில் நுனியை அரைத்துத் தந்துவிடுவான். இரண்டு முறை கிளம்பினேன். இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பிவிட்டேன். அரைத்தால், அங்கே எனக்காக அண்ணன் எடுத்து வைத்திருப்பது உடைந்துபோகும்.