குங்குமம் தடவிய தாழ்

அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. முகேஷ்குமாருக்கு எரிச்சல்தான் வந்தது. நிலை ஒருபக்கம் சாய்ந்துபோனதில், யார் சாத்தினாலும் கிறீச்சென்று தானாகத் திறந்துகொள்ளும் கதவு அது. வீட்டில் அவனைத் தவிர ஆளும் இல்லை. காற்றாக இருக்கும் என்று ஒரு தள்ளு தள்ளினான். ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள்ளிருந்து தைல வாடையும், மாதக்கணக்கில் படுத்தே கிடந்த உடம்பின் புளித்த வாடையும் வந்தன. அம்மா அய்யம்மாளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மேலாகியும் அது போகவில்லை.

அவிட்டத்தில் போன உயிராம். ஆறு மாசம் அடைப்பாம். கிடந்த அறையை வெளியே தாழிட்டு மூடாவிட்டால் துணைக்கு இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். காலேஜ் படித்த அவன் மனைவி தீபாவும் இதையே பாடினாள். ஆயக்குடியில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றவள், இன்று சாயங்காலம் குழந்தையோடு வருகிறாள்; அறை மூடியிருந்தால்தான் உள்ளே கால் வைப்பாளாம், இல்லாவிட்டால் அதே காரில் திரும்பிவிடுவாளாம். மகளை அவன் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை தூக்கியதோடு சரி.

மதியம் போனில் அவன் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. உள்ள என்ன சத்தம் கேட்டாலும் தொறக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுச்சுங்க."

"எங்கம்மா என் குரல்லயே கூப்புடும். அப்பவும் தொறந்துறாத."

"சத்தியமாத் தொறக்க மாட்டனுங்க" என்றாள்.

தச்சர் சடையாண்டி வாசல்வரை வந்து, அடைப்பு அறை என்று கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பயந்தாங்கொள்ளிப் பயல்கள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில், கதவுச் சாமான் கடையில் பத்து வருஷமாக நின்று விற்கிறவனுக்கு சாத்தினால் தானே விழுந்து பூட்டும் ஒரு லாட்ச் மாட்ட ஆசாரி வேண்டுமா? விற்றிருக்கிறானே ஒழிய ஒன்றைக்கூட மாட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

கதவின் விளிம்பைக் குடைந்து லாட்சைச் செருகினான். அதன் நாக்கு நிலையில் எங்கே படும் என்று தெரிந்தால்தான் அந்த இடத்தில் குழி எடுத்துத் தகட்டைப் பதிக்கலாம். நாக்கில் சாயம் தடவிச் சாத்திப் பார்க்க வேண்டும். சாக்பீஸ் இல்லை. கூடத்துச் சாமி அலமாரியில் அம்மாவின் குங்குமச் சிமிழ் இருந்தது. படுக்கையில் விழுந்த பிறகும் அவள் காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் குனிவதற்காகக் காத்திருப்பாள். அவன் நெற்றியைக் காட்டிவிட்டு, தெருமுனை தாண்டுமுன் துடைத்துவிடுவான். இப்போதாவது உருப்படியான வேலைக்கு ஆகிறதே என்று, தேங்காய் எண்ணெயில் குழைத்து நாக்கில் அப்பிக் கதவைச் சாத்தினான்.

திறந்ததும் நிலையில் சிவப்பாக ஒரு கோடு. சரியான இடம். உளியால் குழி எடுத்தான், தகட்டை வைத்துத் திருகினான். இனி நாக்கை இழுத்துத் திறக்கும் கைப்பிடி ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தான். அவன் மார்பு உயரத்தில் ஒரு பொட்டு. வட்டமாக. ஈரமாக.

அய்யம்மாள் அவன் மார்பு உயரம்தான்.

தன் கைதான் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அவன் கை அங்கே போகவே இல்லை. ஆனால் தீபா பார்த்தால் குடி முழுகிவிடும். பழைய துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தேய்த்தான். எண்ணெய்ப் பொட்டு போவதாக இல்லை. அழுத்தித் தேய்த்தான். இன்னும் அழுத்தி.

கதவு நகர்ந்தது. டக்.

நாக்கு தகட்டுக்குள் விழுந்துவிட்டது. முதல் தடவையே கச்சிதம். கைப்பிடி கூடத்தில் கிடந்தது. திருப்புளியும், போனும் அங்கேதான். கைப்பிடிக்காகக் குடைந்திருந்த சின்னத் துளையில் சுண்டு விரலைக்கூட விட முடியவில்லை. தோளால் இடித்தான். தேக்கு. அசையவில்லை.

தைல வாடை கூடியது.

துளையில் கண்ணை வைத்தான். கூடத்து விளக்கு எரிந்தது. வெளியே கார் நின்றது. தோளில் குழந்தையோடு தீபா வந்தாள். நிம்மதியில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க?"

அவள் போனில் அழைத்தாள். அவன் போன் கூடத்திலேயே அடித்தது.

"தீபா, நாந்தான். உள்ள மாட்டிக்கிட்டேன். தொற."

அவள் முகம் வெளுத்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"தீபா! முகேஷ்தான் பேசுறேன்!"

ஒரு அடி பின்னால் போனாள். இன்னொரு அடி. அவள் வாய் மட்டும் அசைந்தது. மாட்டனுங்க. மாட்டனுங்க.

கார் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. கார் கிளம்பியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. சிமிழின் மூடி திறக்கும் சத்தம். அது கூடத்தில் அல்லவா இருந்தது.

மெலிந்த கை ஒன்று பிடரியைப் பற்றியது. கீழே அழுத்தியது. அவன் குனிந்தான். எண்ணெய் பிசுபிசுக்கும் ஒரு விரல் அவன் நெற்றியில் நிதானமாகப் பொட்டு வைத்தது.