கழற்றிய வளை

காலை ஆறரை மணிக்கு பெனடிக்டா சிஸ்டர் அந்த வளையை ஸ்பிரிட்டால் துடைத்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, டாக்டர் செண்பகவல்லியின் மணிக்கட்டில் மாட்டினார். தூத்துக்குடிக் கடல்மதிலை ஒட்டிய அந்த மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவர் தேவைப்பட்டார். முந்தின நாள் டாக்டர் அருள்வளவனுக்குத் தேர்வு. இன்று இவருக்கு.

"சாயங்காலம் ஆறரை வரைக்கும் கழட்டக் கூடாது, டாக்டர். கழட்டினா லிஸ்ட்லருந்து பேர் போயிரும்."

"தெரியும் சிஸ்டர். கோவில்பட்டியில மூணு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

நோயைக் கண்டறிவது எப்போதோ இயந்திரங்களின் வேலையாகிவிட்டது. திரையில் தெரியும் எண்களை வைத்தே தலைவர்கள் மருத்துவமனை நடத்திய காலம் ஒன்று இருந்தது. வராந்தாவில் படுத்துக் கிடந்தவர்கள் அந்த எண்களில் இல்லை. அதன் பிறகுதான் நோவுவளைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு படுக்கையின் அடியிலும் ஓர் உணரி. அங்கே கிடப்பவர்களின் வலியில் நூறில் ஒரு பங்கு தலைமை மருத்துவரின் உடம்பில் ஏறும். அதைச் சுமந்தபடி நாடி எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று பார்த்து, 'தேர்வி' என்னும் கணினி மதிப்பெண் போடும். அருள்வளவனுக்குத் தொண்ணூற்றாறு.

மதியம் ஒரு மணிக்கு செண்பகவல்லி பன்னிரண்டாம் படுக்கைக்கு வந்தார். உப்பளத்தில் வேலை பார்த்த கஸ்பார் பர்னாந்துக்கு எலும்பில் புற்று. அவர் தூக்க ஊசி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு மணிக்கு அந்தமான்லருந்து மக வருதுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி. தூங்கிட்டா யாரு பேசுவா?"

"வந்து பாத்துட்டுப் போகட்டும்." கஸ்பார் அவருடைய முகத்தையே பார்த்தார். "நீங்க வந்ததுலருந்து பாக்கேன், நெத்தி சுருங்கியே இருக்கு. எனக்கு வலிச்சா ஒங்களுக்கும் வலிக்கும்லா?"

"அது என் வேலை."

"நேத்து அந்த டாக்டர் தம்பி உதட்டக் கடிச்சிட்டே நின்னாரு. பாவமா இருந்துச்சு. எங்க வலி அவருக்கு ஏறக் கூடாதுன்னு நாங்க பதினோரு பேரு ஊசி போட்டுப் படுத்துட்டோம். பழைய பெரிய டாக்டருக்கும் இப்படித்தான் செய்வோம், டாக்டரம்மா. வார்டுல எல்லாருக்கும் தெரியும்."

பக்கத்துப் படுக்கைக்காரர் கண்ணைத் திறக்காமலே, "எல்லாத்தயும் ஒளறிட்டாரு," என்றார்.

 செண்பகவல்லி வளையின் கொக்கியை விடுவித்து, அதைத் தண்ணீர்க் கூஜாவின் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப எனக்கு ஒண்ணும் வலிக்கல. தெம்பிருந்தா முழிச்சிருங்க."

"அய்யய்யோ, வேலை போயிருமே."

"போகட்டும், அண்ணாச்சி." ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். வலி ஏறும்போதெல்லாம் கஸ்பாரின் பிடி இறுகியது. எவ்வளவு வலி என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது. மகள் வந்தாள். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பெரும்பாலும் மீன்குழம்பைப் பற்றி. அதன் பிறகு அவரே ஊசி கேட்டுத் தூங்கினார்.

மாலையில் தேர்வி திரையில் சிஸ்டரிடம் கேட்டது: வளை கழன்ற காரணம் என்ன? இயந்திரக் கோளாறா, தாங்க இயலாமையா, வேறா? சிஸ்டரின் விரல் முதல் விடையை நோக்கிப் போனது. வாழ்க்கையில் ஒரே ஒரு பொய், ஆண்டவர் மன்னிப்பார்.

"வேண்டாம் சிஸ்டர்," என்றார் செண்பகவல்லி. "கோளாறுன்னு போட்டா, அவங்க எதுக்காகத் தூங்குறாங்கன்னு யாருக்குமே தெரியாமப் போயிரும்."

சிஸ்டர் நடந்ததை எல்லாம் நடந்தபடியே எழுதினார். செண்பகவல்லியின் பெயர் நீங்கியது. ஏழு மணி பஸ்ஸில் அவர் கோவில்பட்டிக்குத் திரும்பினார். ஜன்னல் வழியே சிஸ்டர் கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் அருள்வளவன் பொறுப்பேற்க வந்தார். சிஸ்டர் வளையைத் துடைத்து நீட்டினார். சட்டப்படி ஏழு மணிக்குள் மாட்டிவிட வேண்டும்.

அருள்வளவன் கையை நீட்டவில்லை. "நீங்க எழுதினதைப் படிச்சேன், சிஸ்டர். எனக்காகத் தூங்கின அந்தப் பதினோரு பேரு யார் யாரு?"

"ரெண்டு பேர் இறந்துட்டாங்க, டாக்டர். மத்தவங்க இருக்காங்க."

"பேரச் சொல்லுங்க."

சிஸ்டர் சொன்னார். இறந்தவர்களின் பெயர்களையும் அருள்வளவன் எழுதிக்கொண்டார். பிறகு முதல் படுக்கையின் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வளைப் பெட்டியைக் கையில் ஏந்தியபடி சிஸ்டர் பின்னால் நின்றார். மணி ஏழரை ஆகியிருந்தது. சிஸ்டர் நினைவூட்டவில்லை.