பாலூற்றிய இடம்

காலையில் துரைசாணியின் தலையணையில் ஈரமண் ஒட்டியிருந்தது. சண்முகவடிவு யாரிடமும் சொல்லாமல் தட்டிவிட்டாள்.

பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் துரையும் துரைசாணியும் இருந்த பங்களாவில் அவள் ஆயா. வெயிலில் சுருங்கிப் புள்ளி விழுந்த துரைசாணியின் முகத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த வெள்ளைக்காரி ஒருத்தி காரமருந்து பூசி, பிளாஸ்திரி ஒட்டி, இரண்டாம் நாள் உரித்தெடுத்தாள். மூக்கு, உதடு, பூனைமுடியோடு பழைய தோல் முழு முகமாகவே கழன்று வந்தது. அதை அடுப்பில் போடச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். துரையும் கண்டிக்குப் புறப்படும்போது, துரைசாணிக்கு ஏதாவது ஆனால் சண்முகவடிவுக்கும் அவள் புருஷனுக்கும் பத்துச்சீட்டுத்தான், தோட்டத்தை விட்டே துரத்திவிடுவேன் என்றிருந்தார்.

உயிரோடிருப்பவளின் முகத்துக்கு எப்படிக் கொள்ளி வைப்பது? முந்தின நாள் சண்முகவடிவு அதை ரோசாச்செடியடியில் புதைத்தாள். தான் பெற்றுப் பறிகொடுத்த சிசுவைத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் புதைத்த கை, பழக்கத்தில் மேலே பாலையும் ஊற்றிவிட்டது.

அன்று பொழுது சாயும்போது சமையல்காரன் செல்லசாமி சிரித்துக்கொண்டே வந்தான்.

“என்னக்கா, கோழிக்கறிய ரோசாவுக்கடியில ஒளிச்சு வச்சீங்களா? நரி நோண்டிப் போட்டுருக்கு.”

“ஒன் சமையலத் தின்னுட்டு நரி ஏன் மறுபடி வருது?”

அவன் அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தாள். அரிக்கன் விளக்கோடு போய்ப் பார்த்தாள். நகக்கீறல் எதுவுமில்லை. மண் உள்ளேயிருந்து வெளியே தள்ளப்பட்டிருந்தது. அங்கிருந்து நத்தை ஊர்ந்தாற்போல் ஓர் ஈரக்கோடு, படியேறி உள்ளே போயிருந்தது.

செல்லசாமியைக் கூப்பிட்டால் சொன்னதைச் செய்யாத குற்றம் வெளியாகிவிடும். தகரக்கூரையில் பனி சொட்டும் ஓசையும், மருந்தின் காரமும், அதற்கடியில் புளித்த பாலின் வாடையுமாக நீண்டு கிடந்த நடையில், சுவரைத் தடவிக்கொண்டு அவள் தனியாகவே நடந்தாள். அறைக்கதவு திறந்திருந்தது.

துரைசாணி மல்லாந்து படுத்திருந்தாள். புண்ணான முகம். வீங்கி மூடிய கண்கள்.

“ஆயாவா? என் பக்கத்துல புள்ளைய யாரு படுக்கவச்சது?”

சண்முகவடிவு உள்ளே ஓரடி வைத்தாள்.

“சின்ன மூச்சு விடுது. பசி போல. நீ தூக்கு.”

விளக்கை உயர்த்தினாள்.

தலையணையில் அது கிடந்தது. மண் படிந்த பழைய முகம். வெயில் புள்ளிகள். கண்ணிருந்த இடத்தில் ஓட்டைகள். உதடுகள் மட்டும் துரைசாணியின் தோளைத் தேடித் தேடிச் சப்பிக்கொண்டிருந்தன.

வெளிச்சம் பட்டதும் நின்றது.

மெல்லத் திரும்பியது. தனக்கு முதலில் பாலூற்றியவளைப் பார்த்து, பால் கேட்கும் சிசுவைப்போல் வாயைத் திறந்தது.